பொன் விளைந்த மாநிலமும் புறப்பட்டுப் போகும் இளந்தம்பதியரும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

மழை பொய்த்த ஊரை விட்டு மக்கள் போவார்கள். போர் மூண்ட நாட்டை விட்டுப் போவார்கள். வேலையில்லாத ஊரை விட்டு வேலையுள்ள ஊருக்குப் போவார்கள். இவை மூன்றும் வரலாற்றுப் பாடத்தில் நாம் படித்தவையே. ஆனால் வேலையும், நல்ல கூலியும், பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களும், கடற்காற்றும் ஒருங்கே அமைந்த ஓரிடத்தை விட்டு, அங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞனும் அவனை மணந்த பெண்ணும் மூட்டை கட்டுவது இம்மூன்றில் எதிலும் அடங்காது. ஐக்கிய அமெரிக்க நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தில் இன்று நடந்துவருவது அதுதான். அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதைக் கூடியவரை கணக்கின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வருவோரின் மாநிலம்

1848 ஜனவரி 24 அன்று கொலோமா என்னுமிடத்தில், சட்டர் என்பவருக்காகக் கட்டப்பட்டுவந்த மர அறுவை ஆலையின் நீர்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் என்னும் தச்சர் பொன் துகள்களைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டே பல நாட்டு மக்களும் கப்பலேறியும் வண்டி கட்டியும் அங்கு வந்து குவிந்தனர். 1850-ல் அது மாநிலமாயிற்று. அன்று தொடங்கி நூறாண்டுகளுக்கும் மேலாகக் கலிபோர்னியா வருவோரின் மாநிலமாகவே விளங்கிற்று. 1962-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கைப் பின்தள்ளி, மக்கள் தொகையில் முதல் மாநிலம் என்னும் பெயரையும் பெற்றது.

வந்தவர் அனைவரும் மாலையிட்டு வரவேற்கப்படவில்லை. 1930-களில் ஓக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சா முதலிய மாநிலங்களில் வறட்சியும் புழுதிப் புயலும் உழவர்களைத் துரத்தின. அவர்கள் பழைய கார்களில் படுக்கையையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கி வந்தனர். 1936-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறை, தன் காவலர்களை மாநிலத்தின் எல்லைகளுக்கே அனுப்பிக் கையில் காசில்லாதவர்களைத் திருப்பி விரட்டியது. ஒரு நகரத்துக் காவலருக்கு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள எல்லையில் என்ன அதிகாரம் என்று கேட்கத் தோன்றும். அன்றும் பலர் கேட்டார்கள். சில வாரங்களில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆயினும் ஏழையை மாநிலத்துக்குள் அழைத்து வருவதைக் குற்றமாக்கிய சட்டம் ஒன்று மட்டும் நின்றது. தம் மனைவியின் சகோதரரை டெக்சாசிலிருந்து காரில் அழைத்து வந்ததற்காக எட்வர்ட்ஸ் என்பவர் தண்டிக்கப்பட்டார். 1941-ல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அன்று மைத்துனர் வந்த அதே சாலையில்தான் இன்று இளந்தம்பதியர் எதிர்த்திசையில் போகின்றனர்.

போவோர் எத்தனை பேர்?

மாநிலமே காலியாகிறது என்று சிலர் எழுதுவது மிகையாகும். கலிபோர்னியாவில் இன்றும் ஏறத்தாழ 3 கோடியே 90 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறுவோரும் குறையவில்லை எனும்படி வந்துகொண்டிருந்தனர். ஆனால் உள்நாட்டுக் கணக்கை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் வேறு செய்தி கிடைக்கிறது. அமெரிக்க மக்கள் கணக்கெடுப்புத் துறையின் மதிப்பீட்டின்படி 2022-ல் கலிபோர்னியாவை விட்டு மற்ற மாநிலங்களுக்குச் சென்றோர் சுமார் 8 இலட்சத்து 17 ஆயிரம் பேர். மற்ற மாநிலங்களிலிருந்து வந்தோர் சுமார் 4 இலட்சத்து 75 ஆயிரம் பேர். சென்றவர்களில் ஓர் இலட்சத்துக்கும் சற்று அதிகமானோர் டெக்சாசுக்குச் சென்றனர். டெக்சாசிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தோர் அதில் பாதிகூட இல்லை. அரிசோனா, நெவாடா, ஓரிகன், ஐடஹோ ஆகியவையும் போவோரை ஏற்றுக்கொள்ளும் மாநிலங்களே.

2020-ல் கலிபோர்னியாவின் மொத்த மக்கள்தொகையே ஓராண்டில் குறைந்தது. மாநிலமான நாள்முதல் அப்படி நேர்ந்ததாகப் பதிவில்லை. 2023-ல் தொகை மீண்டும் சற்று ஏறத் தொடங்கியதென்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 கணக்கெடுப்பின் விளைவாக அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் சபையில் கலிபோர்னியாவின் இடங்கள் 53-லிருந்து 52 ஆயின. அம்மாநிலம் ஓர் இடத்தை இழந்தது அதுவே முதன்முறை. டெக்சாசுக்கு இரண்டு இடங்கள் கூடின.

போவோர் யார் என்பதே முக்கியம். கோடீசுவரர் ஒருவர் இடம் பெயர்ந்தால் நாளேடுகள் படத்துடன் வெளியிடுகின்றன. எண்ணிக்கையில் மிகுந்திருப்போர் அவர்களல்லர். நடுத்தர வருவாயும் அதற்குக் குறைந்த வருவாயும் உடையவர்களே பல ஆண்டுகளாக அதிகம் வெளியேறி வருகின்றனர். உள்ளே வருவோரோ பெரும்பாலும் பட்டம் பெற்றவர்கள், உயர்ந்த ஊதியம் பெறுபவர்கள். பள்ளி ஆசிரியர், செவிலியர், மின்பணியாளர், கடைச் சிப்பந்தி போன்றோர் வெளியே போக, மென்பொருள் வல்லுநர் உள்ளே வருகிறார். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் வழக்கம் வந்தபின் வல்லுநர்களும் போவோர் வரிசையில் சேர்ந்துகொண்டனர். சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலைக்கு வந்து, பின்னர் டல்லாஸ் நகரின் புறநகர்களில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

ஒரு தம்பதியின் கணக்கு

காரணம் கேட்டால் பலரும் சட்டென்று சொல்வது வரி என்பதாகும். கலிபோர்னியாவில் மாநில வருமான வரி உண்டு. அதன் உச்ச வீதம் 13.3 சதவீதம். டெக்சாசில் மாநில வருமான வரியே கிடையாது. எனவே வரிக்கு அஞ்சி ஓடுகிறார்கள் என்பது வாதம். இதைச் சோதித்துப் பார்ப்போம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஆண்டுக்கு ஓர் இலட்சத்து 20 ஆயிரம் டாலர் ஈட்டுவதாகக் கொள்வோம். 13.3 சதவீதம் என்பது 10 இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டுவோருக்கான வீதம். நம் தம்பதிக்கு அது பொருந்தாது. 2024-ஆம் ஆண்டு வரிப்படிகளின்படி அவர்கள் கலிபோர்னியாவுக்குச் செலுத்தவேண்டிய வருமான வரி ஏறத்தாழ 3,500 டாலர், அதாவது மாதத்துக்கு 290 டாலர் அளவே ஆகும்.

இனி வீட்டுக்கு வருவோம். கலிபோர்னியாவில் விற்பனையாகும் தனிவீடுகளின் நடுமதிப்பு 2024 ஏப்ரலில் முதன்முறையாக 9 இலட்சம் டாலரைத் தாண்டியது. (நடுமதிப்பு என்பது இடைநிலை, விற்ற வீடுகளில் பாதி இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ்.) டெக்சாசில் அது சுமார் 3 இலட்சத்து 40 ஆயிரம் டாலர். அமெரிக்காவில் வீடு வாங்குவோர் வழக்கமாக விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டி, எஞ்சியதை 30 ஆண்டுக் கடனாகப் பெறுகின்றனர். சொத்து வரி கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1.1 சதவீதம். டெக்சாசில் அது அதிகம், 1.7 சதவீதம் என்று கொள்ளலாம். வட்டி இரண்டு இடத்திலும் 7 சதவீதம் என்று கொள்வோம்.

கலிபோர்னியா வீட்டுக்கு முன்பணம் ஓர் இலட்சத்து 80 ஆயிரம். கடன் 7 இலட்சத்து 20 ஆயிரம். 360 மாதத் தவணைக்கான சூத்திரத்தில் இட்டால் மாதத் தவணை 4,790 டாலர் வருகிறது. சொத்து வரி மாதத்துக்கு 825. ஆக 5,615 டாலர். டெக்சாஸ் வீட்டுக்கு முன்பணம் 68 ஆயிரம். கடன் 2 இலட்சத்து 72 ஆயிரம். தவணை 1,810, சொத்து வரி 482, ஆக 2,292 டாலர். வேறுபாடு மாதத்துக்கு 3,300 டாலருக்கு மேல். வருமான வரியால் வரும் வேறுபாடு 290. ஒன்று மற்றொன்றைப் போல் பதினொரு மடங்கு. வரிக்கு அஞ்சி ஓடுகிறார்கள் என்ற வாதம் கோடீசுவரருக்குப் பொருந்தலாம்; நம் தம்பதிக்குப் பொருந்தவில்லை.

வருவாயில் 28 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குச் செலவிடலாகாது என்பது அந்நாட்டுக் கடன் வழங்குவோரின் பழைய விதி. அதன்படி கலிபோர்னியாவின் நடுமதிப்பு வீட்டை வாங்க ஆண்டுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் டாலர் வருவாய் வேண்டும். நம் தம்பதியின் வருவாய் அதில் சரிபாதி. டெக்சாசுக்குப் போனால் ஊதியம் குறையும் என்பர். ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 96 ஆயிரம் ஆனாலும், வீட்டுச் செலவு வருவாயில் 29 சதவீதத்தைத் தொடாது.

இதைவிடக் கொடியது முன்பணக் கணக்கு. வாடகையும் சாப்பாடும் போக மாதம் 1,500 டாலர் மிச்சம் பிடிப்பதே எளிதன்று. அப்படிப் பிடித்தாலும் 68 ஆயிரம் சேர 46 மாதங்கள் போதும். ஓர் இலட்சத்து 80 ஆயிரம் சேர 120 மாதங்கள் ஆகும். 25 வயதில் மணந்தவர்களுக்கு 35 வயதாகிவிடும். அந்தப் பத்தாண்டுகளில் விலை அசையாமல் நிற்கும் என்று எண்ணுவது நம் கணக்கின் வசதிக்காகத்தான். அமெரிக்கா முழுவதிலுமே முதல்வீடு வாங்குவோரின் நடுவயது 2024-ல் 38 ஆகவும் 2025-ல் 40 ஆகவும் இருந்ததென வீட்டுத் தரகர் சங்கத்தின் ஆய்வு கூறுகிறது. குழந்தை பெறும் வயதும் வீடு வாங்கும் வயதும் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன.

முதலில் மலைக்கு அப்பால்

தம்பதியர் ஒரே நாளில் மாநிலத்தைத் துறப்பதில்லை. முதலில் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு நகர்கின்றனர். கடன் கிடைக்கும் விலை வரும்வரை காரை ஓட்டிக்கொண்டே போ என்பது அங்கு வீடு தேடுவோரிடையே வழங்கும் ஒரு சொல். சான்பிரான்சிஸ்கோ, சான் ஹொசே பகுதிகளில் வேலை. வீடோ அல்டமான்ட் கணவாய்க்கு அப்பாலுள்ள டிரேசி, ஸ்டாக்டன், மொடெஸ்டோ போன்ற ஊர்களில். இவர்கள் நாள்தோறும் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று சாலையில் கழிக்கின்றனர். ஸ்டாக்டனிலிருந்து சான் ஹொசேக்கு 1998 முதல் ஒரு தொடர்வண்டியும் ஓடுகிறது. அதன் முதல் வண்டி பொழுது புலர்வதற்கு நெடுநேரம் முன்பே புறப்பட்டுவிடும். அதில் ஏறுகிறவர் தம் குழந்தையை விழித்த நிலையில் காண்பது மாலையில் மட்டுமே.

நாளடைவில் அவ்வூர்களிலும் விலை ஏறியது. நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பின்னும் வாங்க முடியாதபோது, ஒரேயடியாக மாநில எல்லையைத் தாண்டினால் என்ன என்ற எண்ணம் பிறக்கிறது. வேலையும் சில நேரம் முன்னால் போய்விடுகிறது. டொயோட்டா கார் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்சுக்கு அருகிலுள்ள டாரன்சில் இருந்த தன் அமெரிக்கத் தலைமையகத்தை டல்லாசுக்கு அருகிலுள்ள பிளேனோவுக்கு மாற்றப்போவதாக 2014-ல் அறிவித்து, 2017-ல் அங்கு புதிய வளாகத்தைத் திறந்தது.

இங்கே ஒரு சிறு செய்தி; கணித மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். அமெரிக்கர் வீடு மாறும்போது சாமான் வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் சென்று, போய்ச் சேர்ந்த ஊரில் விட்டுவிடுவர். யூ-ஹால் என்னும் நிறுவனம் இதில் பெயர்பெற்றது. கலிபோர்னியாவிலிருந்து டெக்சாசுக்கு வண்டி எடுத்தால் வாடகை அதிகம். அதே வண்டியை, அதே தூரத்துக்கு, டெக்சாசிலிருந்து கலிபோர்னியாவுக்கு எடுத்தால் மிகக் குறைவு. போன வண்டிகள் திரும்பி வர ஆள் கிடைக்காததே காரணம். எந்தப் புள்ளிவிவரமும் வருமுன்னரே இந்த வாடகைப் பட்டியல் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

விலை ஏன் ஏறியது?

ஒருபுறம் கடல், மறுபுறம் மலை, இடையில் நிலம் குறைவு என்பது ஓரளவு உண்மையே. அது மட்டுமே காரணமாயின், மக்கள் பெருகப் பெருக வீடுகள் மேல்நோக்கி அடுக்கடுக்காக எழுந்திருக்க வேண்டும். அங்ஙனம் எழவில்லை, எழவிடவில்லை. 1916-ல் பெர்க்லி நகரம், எல்ம்வுட் என்னும் பகுதியில் தனிவீடு தவிர வேறெதுவும் கட்டக்கூடாது என விதித்தது. அவ்வகை விதிகளில் நாட்டிலேயே முற்பட்டது அது என்பர். வேற்று இனத்தவர் அங்கு வந்து குடியேறாமல் தடுக்கும் நோக்கமும் அதில் இருந்தது. (2021-ல் அந்நகர மன்றமே இதை ஒப்புக்கொண்டு அவ்விதியை நீக்கத் தீர்மானம் செய்தது.) பின்னர் இவ்விதி மாநிலமெங்கும் பரவிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தனிவீட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது. எங்கேனும் நான்கு மாடி கட்ட ஒருவர் முன்வந்தால் நகர மன்றத்தில் விசாரணை நடக்கும். அக்கம்பக்கத்தார் வந்து நிழல் விழும், வண்டி நிறுத்த இடமிராது, ஊரின் அழகு கெடும் என்று முறையிடுவர். 1970-ல் வந்த சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி வழக்கும் தொடுக்கலாம்.

முறையிடுவோர் தீயவர் அல்லர். அவரவர் தெருவை அவரவர் காப்பது இயல்பே. ஆனால் விசாரணைக்கு வந்து பேசுவோர் பெரும்பாலும் ஏற்கெனவே வீடுள்ளவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டப்படாத வீட்டில் குடியேறியிருக்கக்கூடியவர் யாரென்றே யாருக்கும் தெரியாது. அவருக்கு அந்த ஊரில் வாக்கும் இல்லை. மன்றத்தில் முறையிட்ட முதியவரின் மகனும் மருமகளுமேகூட அவர்களாக இருந்திருக்கலாம்.

13-ஆம் முன்மொழிவு

இவ்விடத்தில் சற்று நின்று ஒரு சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1970-களில் பணவீக்கத்தால் வீடுகளின் மதிப்பு வேகமாக ஏறியது. மதிப்பு ஏற வரியும் ஏறிற்று. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோர், தாம் கடனடைத்து முடித்த சொந்த வீட்டுக்கே வரி கட்ட இயலாது தவித்தனர். அவர்களின் துயரம் உண்மையானது. ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் ஆகிய இருவர் முன்னின்று, மக்கள் நேரடியாக வாக்களித்துச் சட்டமியற்றும் முறையில் 13-ஆம் முன்மொழிவைக் கொண்டுவந்தனர். 1978 ஜூன் 6 அன்று ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஆதரித்து வாக்களிக்க, அது நிறைவேறியது.

அதன் விதி எளிது. சொத்து வரி, மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மதிப்பு 1975-ஆம் ஆண்டு நிலைக்குத் தாழ்த்தப்படும். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் அது உயரக்கூடாது. வீடு கைமாறினால் மட்டுமே புதிய விலையில் மறுமதிப்பீடு நடக்கும்.

கூட்டுவட்டிக் கணக்குப் போடுவோம். 1975-ல் 50 ஆயிரம் டாலர் மதிப்புள்ள வீடு கைமாறவே இல்லை என்றால், 50 ஆண்டுகளில் அதன் வரிமதிப்பு 2.69 மடங்காகி ஓர் இலட்சத்து 35 ஆயிரத்தைக்கூட எட்டாது. ஒரு சதவீத வரி சுமார் 1,346 டாலர். பக்கத்து வீட்டை நேற்று 9 இலட்சத்துக்கு வாங்கிய தம்பதிக்கு வரி 9,000 டாலர். ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, ஒரே பள்ளிக்கூடம். இருந்தும் பின்னால் வந்தவர் ஆறரை மடங்குக்கு மேல் செலுத்துகிறார்.

இது நான் கற்பித்த கணக்கு. உண்மையாகவே நீதிமன்றம் ஏறிய கணக்கு ஒன்றும் உண்டு. லாஸ் ஏஞ்சல்சில் வாடகை வீட்டில் வாழ்ந்த ஸ்டெபனி நார்ட்லிங்கர் என்பவர், 1988-ல் பால்ட்வின் ஹில்ஸ் பகுதியில் ஓர் எளிய வீட்டை ஓர் இலட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். அவருக்கு வந்த வரி சுமார் 1,700 டாலர். அதே குடியிருப்பில் 1975 முதல் இருப்பவர்கள் அதே போன்ற வீடுகளுக்கு 360 டாலர் அளவிலேயே செலுத்தி வந்தனர். மாலிபு கடற்கரையில் 21 இலட்சம் டாலர் பெறும் மாளிகையின் பழைய உரிமையாளர் செலுத்திய வரியும் தம் சிறுவீட்டு வரியும் ஏறத்தாழ ஒன்றே என்பதை அவர் எடுத்துக் காட்டினார். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பது மீறப்பட்டதாக வாதிட்டார். 1992 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவ்வழக்கைத் தள்ளியது. பழையவர் ஒரு குறிப்பிட்ட வரியை நம்பி வாங்கினார், புதியவரோ வரி இன்னதென்று தெரிந்தே வாங்குகிறார் என்பது நீதிமன்றம் கூறிய காரணங்களுள் ஒன்று. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். புதியவருக்கு வேறெந்த வரியில் வாங்க வழியிருந்தது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

வரி வேறுபாட்டோடு இது நிற்கவில்லை. வீட்டை விற்றால் மலிவான வரி போய்விடுமென்று பலர் விற்பதேயில்லை. பிள்ளைகள் பிரிந்துசென்ற நான்கறை வீட்டில் முதியவர் ஒருவர் மட்டும் வாழ்வார். நகராட்சிகளுக்கோ புதிய குடியிருப்பால் வரி வருவாய் அதிகமில்லை; கடைகள் வந்தால் விற்பனை வரியில் பங்கு கிடைக்கும். எனவே வீடுகளைவிட அங்காடிகளை விரும்பின. கட்டும் சில வீடுகளின் மீதும் பள்ளிக்கு, சாலைக்கு, சாக்கடைக்கு என்று பெருங்கட்டணம் விதித்தன. முன்பிருந்தோர் செலுத்தாத தொகை, இறுதியில் வாங்க வரும் இளைஞரின் தலையில் விலையாக விழுந்தது. 2021 ஜனவரியில் வீட்டுக்கடன் வட்டி 3 சதவீதத்துக்கும் கீழ் இறங்கி, 2023 அக்டோபரில் 8 சதவீதத்தை நெருங்கியபோது இன்னொரு பூட்டும் விழுந்தது. மலிவு வட்டியில் கடன் பெற்றவர் பலர் வீட்டை விற்க முன்வரவில்லை.

போன இடத்தில்

டெக்சாசில் மக்கள் கலிபோர்னியாவைவிடக் குறைவு. ஆனால் அங்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் வீடு கட்டும் அனுமதிகள் கலிபோர்னியாவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டு மாநிலங்களின் விலை வேறுபாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

போனவர்கள் இழப்பதையும் மறைக்கக் கூடாது. 2025-ல் கலிபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். டெக்சாசில் இருந்தது 2009 முதல் மாறாத கூட்டரசுக் கூலியான 7.25 டாலரே. குழந்தை பிறந்த தாய்க்கும் தந்தைக்கும் ஊதியத்துடன் விடுப்பு என்பதைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் கலிபோர்னியா. 2004 முதல் அது நடைமுறையில் உள்ளது. டெக்சாசில் அத்தகைய மாநிலத் திட்டம் இல்லை. 2021 பிப்ரவரியில் கடுங்குளிரில் டெக்சாசின் மின்னமைப்பு நிலைகுலைந்தபோது இலட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி அருகில் இல்லை. விமானத்தில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் பாட்டியால் காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள முடியாது. மாதம் மிச்சமாகும் 3,300 டாலரில் குழந்தைக் காப்பகத்துக்கு எவ்வளவு போகும் என்பதையும் நம் கணக்கில் சேர்க்கவேண்டும்.

போன இடத்தாரின் வரவேற்பும் ஒரே சீராக இல்லை. 1971-லேயே ஓரிகன் ஆளுநர் டாம் மெக்கால், வெளிமாநிலத்தாரைப் பார்த்து, எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றிப்பார்க்க வாருங்கள், குடியேற மட்டும் வந்துவிடாதீர்கள் என்ற கருத்தில் பேசிப் புகழ்பெற்றார். பெருந்தொற்றுக் காலத்தில் ஐடஹோவின் பாய்சி நகருக்குக் கலிபோர்னியர் திரளாகச் சென்றனர். கலிபோர்னியாவில் விற்ற வீட்டின் பணத்தோடு வந்தவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தனர். அந்த ஊரிலேயே பிறந்து, உள்ளூர்க் கூலி பெறும் தம்பதிக்கு அதனால் வீடு எட்டாக்கனியாயிற்று. கலிபோர்னியத் தம்பதிக்கு நேர்ந்தது அப்படியே ஐடஹோத் தம்பதிக்கு இடம் மாறியது.

ஆஸ்டின் நகரின் அனுபவம் சற்று வேறு. அங்கும் 2021, 2022 ஆண்டுகளில் விலையும் வாடகையும் தாவி ஏறின. ஆனால் அதே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. அவை திறக்கப்பட்டதும், மக்கள் வந்துகொண்டிருக்கும்போதே வாடகை இறங்கத் தொடங்கிற்று.

கலிபோர்னிய அரசும் வாளாவிருக்கவில்லை. 2022 முதல் ஒரு தனிவீட்டு மனையில் இரண்டு வீடு கட்டவும் மனையை இரண்டாகப் பிரிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. 2025 ஜூனில் நகரங்களுக்குள் கட்டப்படும் பெரும்பாலான குடியிருப்புகளுக்குச் சுற்றுச்சூழல் சட்டத்தின் நீண்ட விசாரணையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தொடர்வண்டி நிலையங்களை ஒட்டிப் பலமாடி வீடுகளை அனுமதிக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று. வட்டியும் மரமும் சிமெண்டும் கொத்தனார் கூலியும் உயர்ந்திருக்கும் நிலையில் இவற்றின் பயன் தெருவில் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். இன்று 28 வயதாகும் தம்பதிக்கு அத்தனை ஆண்டு காத்திருக்க இயலுமா என்பதே கேள்வி.

13-ஆம் முன்மொழிவின் பிள்ளைபோல் வந்த விதி ஒன்று மீதமிருக்கிறது. 1986 முதல் பெற்றோரின் வீட்டைப் பிள்ளைகள் பழைய வரிமதிப்போடே பெறலாம் என்றிருந்தது. அவர்கள் அதில் வசிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வாடகைக்கு விட்டுப் பணம் பார்த்தவர் பலர். 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 19-ஆம் முன்மொழிவு இதைச் சுருக்கியது. 2021 பிப்ரவரி 16 முதல், பழைய வரிமதிப்பு தொடர வேண்டுமானால் வாரிசு ஓராண்டுக்குள் அவ்வீட்டில் தாமே வந்து குடியேற வேண்டும். விலைக்கும் வரிமதிப்புக்கும் உள்ள வேறுபாட்டில் சுமார் 10 இலட்சம் டாலர் வரை சலுகை உண்டு. ஆகவே 30 வயதில் வீடு கிடைக்காமல் டெக்சாசுக்குப் போன மகனுக்கு, ஐம்பதை ஒட்டிய வயதில் தாயின் இறப்புச் செய்தியோடு அந்த நான்கறை வீட்டின் சாவியும் வந்து சேரும். டல்லாசில் வேலையும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் இருக்க, பிறந்த வீட்டுக்குத் திரும்புவதா, விற்றுவிடுவதா என்று தீர்மானிக்க அவனுக்குச் சட்டம் தரும் கெடு 12 மாதங்கள்.